சைலேஜுக்கு பாக்டீரியா போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்காச்சோளம் கதிர் முற்றத் தொடங்கியதும் போன் வர ஆரம்பித்துவிடும். ஊர் ஊராகச் சாப் கட்டரோடு (தீவனம் நறுக்கும் மெஷின்) போய் சைலேஜ் போட்டுக்கொடுக்கிற வேலை என்பதால், "ஏதோ பாக்டீரியா பவுடர்னு விக்கிறாங்களே, வாங்கலாமா?" என்ற கேள்வி என்னிடம் வராத சீசனே இல்லை. அதோடு தயிர், மோர், மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு), ஜீவாமிர்தம் என்று கூடவே நாலு சந்தேகம் வரும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, அதனால் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

சைலேஜ்னா ஊறுகாய்ப் புல்தானே, அதுல பாக்டீரியாவுக்கு என்ன வேலை?

ஆமாம், ஊறுகாய்ப் புல்தான். பசுந்தீவனத்தை நறுக்கி, காற்றில்லாமல் அழுத்தி மூடினால், அதில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பயிரிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலத்தால் பி.எச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 பக்கம் இறங்கிவிட்டால் மற்ற கிருமிகள் வளர முடியாது. தீவனம் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பது இதனால்தான். சைலேஜில் தீவனத்தைக் காப்பாற்றுவதே பாக்டீரியாதான், நாம் அதற்குத் தோதான இடத்தை அமைத்துக்கொடுக்கிறோம்.

கடையில் விற்கும் பவுடர் இதே வகை பாக்டீரியாவை நன்றாக வேலை செய்யும் ரகமாகப் பார்த்துப் பொறுக்கி, உறைய வைத்து உலர்த்திப் பாக்கெட் போட்டது. மருந்தோ ரசாயனமோ கிடையாது.

பாக்டீரியா போடாமலேயே நாங்க வருஷக்கணக்கா போடுறோம், நல்லாத்தானே வருது?

வரும். பயிரில் இயற்கையாக இருக்கும் பாக்டீரியாவே பல சமயம் போதும், முக்கியமாக மக்காச்சோளத்தில். ஆனால் எவ்வளவு இருக்கிறது, எந்த ரகம் இருக்கிறது என்பது வயலுக்கு வயல், மழைக்கு மழை மாறும். நல்லதோடு சேர்ந்து கெட்டதும் ஒட்டியிருக்கும். மூடிய முதல் சில நாளில் இரண்டு கூட்டமும் ஒரே சர்க்கரைக்குப் போட்டி போடும். அமிலம் சீக்கிரம் ஏறினால் நல்லது ஜெயிக்கும், தாமதமானால் சாணி மண்ணிலிருந்து வந்த கிருமிகள் சர்க்கரையையும் புரதத்தையும் தின்று தீர்த்துவிடும்.

பாக்டீரியா பவுடர் போடுவதன் பொருள், அந்தப் போட்டியில் நம் ஆட்களை முதல் நாளே பெரும் எண்ணிக்கையில் இறக்கிவிடுவது. அவ்வளவுதான். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் நல்ல வாசனையோடு, சூடாகாமல், வீணாகாமல் வருகிறது என்றால் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை.

இது கம்பெனிக்காரங்க புதுசா கிளப்பிவிட்ட வியாபாரமா?

இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சில் பீட் சக்கையைப் பதப்படுத்த லாக்டிக் பாக்டீரியா சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் பின்லாந்தின் விர்தானென், பாக்டீரியா அமிலம் உண்டாக்கும் வரை காத்திருக்காமல் நேராக அமிலத்தையே புல்லில் ஊற்றி பி.எச்சை 4-க்குக் கீழே கொண்டுவரும் முறையைக் கண்டுபிடித்தார். முக்கியமாக அதற்காகத்தான் 1945இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கையையும் மெஷினையும் அரிக்கும் அமிலத்தைவிட பாக்டீரியா பாதுகாப்பானது என்பதால் பிறகு உலகம் முழுக்கப் பாக்டீரியா பக்கம் சாய்ந்தது. நம்மூரில் பேல் சைலேஜ் (மெஷினில் இறுக்கிக் கட்டி விற்பது) வந்த பிறகுதான் பேச்சு அதிகமானது, அதனால் புதிதாகத் தெரிகிறது.

பாக்கெட்ல பிளான்டாரம், புக்னெரின்னு என்னென்னமோ போட்டிருக்கு. எதை வாங்கறது?

இதுதான் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். சைலேஜ் பாக்டீரியாவில் பெரிதாக இரண்டு கூட்டம் உண்டு.

முதல் கூட்டம், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம், பீடியோகாக்கஸ், என்டரோகாக்கஸ் ஃபீசியம் போன்றவை. சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் லாக்டிக் அமிலமாக மாற்றும். வேகம் அதிகம், வீணாவது குறைவு. புளிக்காமல் நாறிப்போவது உங்கள் பிரச்சினை என்றால் இந்தக் கூட்டம்தான் வேண்டும். இரண்டாவது, லாக்டோபேசில்லஸ் புக்னெரி. இது மெதுவாக வேலை செய்யும், உருவான லாக்டிக் அமிலத்தில் ஒரு பங்கை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரில் இருக்கும் அமிலமாக மாற்றும். அசிட்டிக் அமிலம் ஈஸ்டையும் பூஞ்சையையும் அடக்கும். திறந்த பிறகு சூடாவதுதான் உங்கள் தலைவலி என்றால் புக்னெரி வேண்டும். இரண்டையும் கலந்த பாக்கெட்டும் உண்டு. இட்லி மாவு பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்: அதில் இருக்கும் லியூகோநாஸ்டாக் இரண்டாவது வகைக் குணம் கொண்டது, அமிலத்தோடு வாயுவும் விடும். மாவுக்கு அந்த வாயு வேண்டும், சைலேஜில் வாயுவாகப் போவது அத்தனையும் தீவன இழப்பு.

2020இல் இந்தப் பாக்டீரியாக்களின் பெயரை அறிவியலாளர்கள் மாற்றினார்கள். அதனால் சில பாக்கெட்டில் லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம், லென்டிலாக்டோபேசில்லஸ் புக்னெரி என்று இருக்கும். அதே ஆட்கள்தான், கடைசிப் பெயரைப் பார்த்தால் போதும். பாக்டீரியாவின் பெயரே போடாமல் "நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்" என்று மட்டும் அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள்.

மக்காச்சோளத்துக்கும் கோ-4 புல்லுக்கும் ஒரே பாக்டீரியா போதுமா?

வேறு வேறு. மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கிறது, தானாகவே நன்றாகப் புளிக்கும். அங்கே பிளான்டாரம் போட்டுப் பெரிய வித்தியாசம் பார்ப்பது கஷ்டம். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஆய்வுக் கட்டுரையும் இதையேதான் சொன்னது: புல்லிலும் பயறு வகைத் தீவனத்திலும் இந்த முதல் கூட்டப் பாக்டீரியா புளிப்பை மேம்படுத்துகிறது, மக்காச்சோளம், சோளம், கரும்பில் அப்படித் தெரியவில்லை. மக்காச்சோளத்தின் பலவீனம் வேறு. திறந்ததும் ஈஸ்ட் பிடித்துச் சூடாகும், நம் வெயிலில் இன்னும் வேகமாக. அதற்குப் புக்னெரி.

கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நேர்மாறு. ஈரம் அதிகம், சர்க்கரை குறைவு, தண்டு தடிமனாக இருப்பதால் அழுத்தினாலும் காற்று தங்கும். இங்கே பிளான்டாரம் வகை நன்றாகவே உதவும், ஆனால் தின்ன சர்க்கரை வேண்டும் (மொலாசஸ் கேள்வியைப் பாருங்கள்).

எவ்வளவு போடணும்? பாக்கெட்ல ஒண்ணு இருக்கு, கடைக்காரர் ஒண்ணு சொல்றார்.

இருவரையும் விட்டுவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள், இரண்டு நிமிட வேலை. ஒரு கிராம் பசுந்தீவனத்துக்கு உயிருள்ள பாக்டீரியா குறைந்தது 1 லட்சமாவது சேர வேண்டும். ஒரு டன் என்பது 10 லட்சம் கிராம். ஆக ஒரு டன்னுக்கு 10,000 கோடி பாக்டீரியா.

பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு எத்தனை சி.எஃப்.யூ என்று போட்டிருக்கும், அதுதான் உயிருள்ள எண்ணிக்கை. 10-இன் தலையில் சின்னதாக 9 இருந்தால் 100 கோடி, 11 இருந்தால் 10,000 கோடி. கிராமுக்கு 10,000 கோடி உள்ள பவுடர் டன்னுக்கு 1 கிராம் போதும். 100 கோடி மட்டுமே உள்ள பவுடர் டன்னுக்கு 100 கிராம் வேண்டும். இந்த இரண்டாவது பவுடரை 100 கிராம் பாக்கெட்டில் போட்டு "50 டன்னுக்கு" என்று எழுதியிருந்தால், தேவையில் ஐம்பதில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கிறது. விலையைப் பாக்கெட்டுக்கு ஒப்பிடாதீர்கள், டன்னுக்குச் சரியான அளவு போட எவ்வளவு ஆகிறது என்று ஒப்பிடுங்கள்.

தயிர்லயும் அதே பாக்டீரியாதானே, மோர் தெளிச்சா போதாதா?

நல்ல கேள்வி, எண்ணிக்கைக் கணக்கில் பார்த்தால் நியாயமும் இருக்கிறது. நல்ல புதுத் தயிரில் ஒரு மில்லிக்கு 10 கோடி வரை பாக்டீரியா இருக்கலாம், அப்படியானால் ஒரு லிட்டரில் 10,000 கோடி, மேலே சொன்ன ஒரு டன் கணக்கு சரியாகப் போய்விடுகிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. தயிர் பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையில் வாழப் பழகியது. பயிரின் சர்க்கரையில், பி.எச் 4 வரை இறங்கும் புளிப்பில், பிளான்டாரம் போலத் தாக்குப்பிடித்துக் கடைசிவரை வேலை செய்யாது.

இன்னொன்று, வீட்டுத் தயிரிலும் பழைய மோரிலும் ஈஸ்ட் இருக்கும். சைலேஜ் சூடாவதற்குக் காரணமே ஈஸ்ட்தான். மோர் தெளித்தால் பெரிய கேடு வந்துவிடாது, ஆனால் அதை நம்பி மற்ற வேலையில் கை விட்டுவிடாதீர்கள்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யாலயும் நல்ல நுண்ணுயிர்தானே?

வேண்டவே வேண்டாம். மண்ணுக்கு அது சரி, சைலேஜுக்குத் தெரிந்தே விஷம் வைப்பது போல ஆகிவிடும். இவற்றில் சேரும் சாணியில் குடல் பாக்டீரியாவும் கிளாஸ்ட்ரிடியா என்ற கெட்ட பாக்டீரியாவின் வித்துகளும் நிறைய இருக்கும். கிளாஸ்ட்ரிடியா லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்டிரிக் அமிலமாக மாற்றும், அதுதான் வாந்தி போன்ற அந்த நாற்றம். சாணிக் காலோடு, சாணி மிதித்த டிராக்டர் டயரோடு குழியில் ஏறக்கூடாது என்று நான் கத்துவதும் இதற்காகத்தான்.

பாக்கெட் வாங்க வசதியில்ல, வீட்லயே பாக்டீரியா தயாரிக்க வழி இருக்கா?

இருக்கிறது. ஜப்பானிலும் தாய்லாந்திலும் ஆராய்ந்து பார்த்த முறை ஒன்று உண்டு, புல்லில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாவையே பெருக்கி எடுப்பது. சைலேஜ் போடப் போகும் அதே பயிரில் சுத்தமான 200 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் கிணற்று நீரோடு மிக்சியில் அரைத்து, துணியில் வடிகட்டி, 20 கிராம் சர்க்கரை கரைத்து, காற்றுக்கு இடமில்லாமல் பாட்டில் நிறைய ஊற்றி, நிழலில் இரண்டு நாள் வைக்க வேண்டும். மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். சுத்தமான புளிப்பு வாசனை வந்தால் சரி, வேறு நாற்றம் அடித்தால் கொட்டிவிடுங்கள்.

அளவு டன்னுக்கு 10 லிட்டர், அதாவது எடையில் 1 சதவீதம். பத்து இருபது மூட்டை போடும் சின்னப் பண்ணைக்கு இது தயிரைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் அந்தப் பயிரிலேயே வாழ்ந்த பாக்டீரியா அது. குறை என்னவென்றால் எந்த ரகம் பெருகியது என்று நம் கையில் இல்லை. ஏற்கெனவே ஈரம் அதிகமான புல்லுக்கு இன்னும் 10 லிட்டர் தண்ணீர் ஏற்றுவதும் நல்லதல்ல, வாட விட்டுப் போடுங்கள்.

மொலாசஸ் போட்டா பாக்டீரியா வேண்டாமா, இல்ல ரெண்டும் வேணுமா?

மொலாசஸ் தீனி, பாக்டீரியா அதைத் தின்னும் ஆள். மக்காச்சோளத்துக்கு மொலாசஸ் தேவையே இல்லை. நேப்பியர் புல்லுக்கு 2 முதல் 3 சதவீதம், அதாவது டன்னுக்கு 20 முதல் 30 கிலோ, தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்துத் தெளிக்க வேண்டும். புல்லில் சர்க்கரை இல்லாமல் பாக்டீரியா மட்டும் கொட்டினால் பட்டினியில் நிற்கும். சர்க்கரை மட்டும் கொட்டினால் நல்லது கெட்டது இரண்டுமே தின்னும். புல்லுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால், புல்லை வாட வைத்து மொலாசஸ் போடுங்கள் என்பேன்.

உப்பு, யூரியா போடச் சொல்றாங்களே?

உப்பு 1 சதவீதம் வரை பலர் போடுகிறார்கள். தீங்கில்லை, ஆனால் பாக்டீரியா செய்யும் வேலையை உப்பு செய்யாது. போட்டால் அடர்தீவனத்தில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். யூரியா வேறு கதை: அது அம்மோனியாவாக மாறி அமிலத்தை மட்டுப்படுத்தும், நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பாக்டீரியாவை எதிர்த்து இழுக்கும். ஈரப் புல்லில் யூரியா போடவே கூடாது.

எந்தப் பருவத்துல அறுக்கணும், ஈரம் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

மக்காச்சோளக் கதிரை நடுவில் உடைத்து மணியைப் பாருங்கள். மேலே மஞ்சளாகக் கெட்டிப்பட்டும் அடியில் பாலாகவும் ஒரு கோடு தெரியும், அந்தக் கோடு மணியின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை இறங்கியிருந்தால் அறுக்கலாம். அப்போது உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) சுமார் 32 முதல் 35 சதவீதம் இருக்கும்.

கையால் பார்க்க, நறுக்கிய தீவனத்தை ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம், இன்னும் வாட வேண்டும். உருண்டை மெதுவாகப் பிரிந்து கை லேசாக ஈரமாக இருந்தால் சரி. பட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, அழுத்தினாலும் காற்று போகாது. நேப்பியர் புல்லை அறுத்த அன்றே நறுக்கினால் பெரும்பாலும் சாறு சொட்டும், அரை நாளாவது வெயிலில் வாட வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நேப்பியர் சைலேஜ் போடாதீர்கள், எந்தப் பாக்டீரியாவும் அதைக் காப்பாற்றாது.

தெளிக்கிறது எப்படி? ஸ்பிரேயர்ல ஊத்தி அடிச்சா போதுமா?

போதும், ஆனால் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த ஸ்பிரேயர் வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கிணறு அல்லது போர் தண்ணீராக இருக்கட்டும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்லும், வேறு வழியில்லை என்றால் முதல் நாளே திறந்த வாளியில் பிடித்து வையுங்கள். வெயிலில் கொதித்த தொட்டித் தண்ணீரும் ஆகாது, கை வைத்தால் குளுமையாக இருக்க வேண்டும்.

கையால் கலப்பதென்றால் டன்னுக்கு 2 முதல் 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து, சாப் கட்டரிலிருந்து தீவனம் விழும்போதே தொடர்ந்து தெளிப்பது நல்லது. மேலே மட்டும் கடைசியில் ஊற்றினால் மேல் அடுக்குக்குத்தான் கிடைக்கும், பாக்டீரியாவுக்குக் கால் கிடையாது, விழுந்த இடத்தில்தான் வேலை செய்யும். கரைத்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

நான் 50 கிலோ மூட்டைதான் போடுறேன், எனக்கும் இது கட்டுப்படியாகுமா?

மூட்டையில்தான் ஆபத்து அதிகம் என்பதால் பயன் உண்டு. குழியைவிட மூட்டைக்கு வெளிப்பரப்பு அதிகம், எலி ஓட்டை போட்டால் போதும், காற்று நுழைந்துவிடும். 20 மூட்டைதான் ஒரு டன், ஆக மூட்டைக்கு ஆகும் செலவு சொற்பம். பிரச்சினை பாக்கெட் அளவு: பெரும்பாலும் 20, 50 டன்னுக்கு வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு ஒரே வாரத்தில் அறுவடையை வைத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த பவுடராகவே பிரிக்க வேண்டும், கரைத்துப் பிரிக்கக்கூடாது.

அதற்கு முன் பையைப் பாருங்கள். உள்ளே தடிமனான பாலித்தீன் பை, வெளியே சாக்கு, நன்றாக மிதித்து, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். 200 லிட்டர் பேரல் கிடைத்தால் அது பையைவிட நம்பகமானது.

போட்டு எத்தனை நாள்ல திறக்கலாம்? பாக்டீரியா போட்டா சீக்கிரம் திறக்கலாம்னு சொன்னாங்க.

பிளான்டாரம் வகை போட்டால் பி.எச் சில நாளிலேயே இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனாலும் 45 நாள் விடுங்கள். புக்னெரி போட்டிருந்தால் 60 நாள் விடுவது நல்லது, அது லாக்டிக் அமிலம் உருவான பிறகுதான் தன் வேலையை ஆரம்பிக்கும். மூன்றாவது வாரத்தில் திறந்தால் புக்னெரிக்குக் கொடுத்த காசு வீண்.

பாக்டீரியா போட்டும் திறந்த ரெண்டாம் நாளே சூடாகுது, ஏமாத்திட்டாங்களா?

எந்தப் பாக்டீரியா என்று பாருங்கள். பிளான்டாரம் மட்டும் இருந்தால் இது நடக்கக்கூடியதுதான், ஏமாற்று இல்லை. முதல் கூட்டம் எல்லாவற்றையும் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுவதால் ஈஸ்டை அடக்கும் அசிட்டிக் அமிலம் குறைந்துபோகிறது. காற்றுப் பட்டதும் ஈஸ்ட் விழித்து அந்த லாக்டிக் அமிலத்தையே தின்னும், சூடு கிளம்பும், பி.எச் ஏறும், பின்னாலேயே பூஞ்சை வரும். அதனால்தான் மேலே, உங்கள் பிரச்சினை எது என்று முதலில் முடிவு செய்யச் சொன்னேன்.

புக்னெரி போட்டும் சூடாகிறது என்றால் அழுத்தமும் எடுக்கும் வேகமும்தான் காரணம். குழியில் மக்காச்சோளம் ஒரு கன மீட்டருக்கு 700 கிலோ அளவுக்காவது நெருக்கமாக இருக்க வேண்டும். தினமும் முகப்பு முழுக்க அரையடியாவது வெட்டி எடுக்க வேண்டும், சித்திரை வைகாசியில் ஒரு அடி. நாலு மாடு வைத்துக்கொண்டு பத்தடி அகலத்துக்குக் குழி வெட்டினால் எந்த விலைப் பாக்டீரியாவும் கைகொடுக்காது. குழியைச் சின்னதாக்குங்கள், அல்லது மூட்டைக்கு மாறுங்கள்.

ஏற்கெனவே நாறிப்போச்சு, இப்ப மேல பாக்டீரியா தெளிச்சா சரியாகுமா?

ஆகாது. சர்க்கரை தீர்ந்துவிட்டது, புதிதாக வரும் பாக்டீரியாவுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. வாந்தி நாற்றமும் வழவழப்பும் இருந்தால் கிளாஸ்ட்ரிடியா வேலை, சினை மாட்டுக்கும் புதிதாகக் கன்று போட்ட மாட்டுக்கும் கொடுக்கவே கூடாது. புகையிலை மாதிரி, கருகிய வெல்லம் மாதிரி மணந்து பழுப்பாக இருந்தால் உள்ளே சூடேறியிருக்கிறது. மாடு ஆசையாகத் தின்னும், ஆனால் அதன் புரதத்தில் ஒரு பகுதி செரிக்காது.

மேல பூஞ்சை பிடிச்சதை மட்டும் எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தைக் குடுக்கலாமா?

பூஞ்சை தெரியும் இடத்தையும் அதைச் சுற்றி நிறம் மாறிய, சூடான பகுதியையும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, குளிர்ச்சியாக, புளிப்பு வாசனையோடு இருப்பதை மட்டும் கொடுங்கள். மூட்டைக்குள் பரவலாகப் பூஞ்சை என்றால் மூட்டையையே விட்டுவிடுங்கள். பூஞ்சை விஷமான அஃப்லடாக்சின் மாட்டின் உடம்பு வழியாகப் பாலில் இறங்கும், பாலில் அதன் எம்1 வடிவம் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அந்தப் பாலை நம் வீட்டுக் குழந்தையும்தான் குடிக்கிறது.

ஆடு வளர்ப்பவர்கள் இன்னும் கவனம். சரியாகப் புளிக்காத, காற்றுப் பட்ட சைலேஜில் லிஸ்டீரியா கிருமி வளரும், ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும். அப்படிப் பார்த்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியா சொல்லுங்க, பால் கூடுமா கூடாதா?

கொஞ்சம் கூடலாம். மேலே சொன்ன 2017 தொகுப்பாய்வில் சராசரி உயர்வு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 0.37 கிலோ. அதில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பண்ணைகளின் நிறையப் பால் தரும் மாடுகள், நம்மூர்க் கலப்பினத்தில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. "ரெண்டு லிட்டர் கூடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சைலேஜுக்கு மாறியதால் பால் கூடியிருக்கலாம், அந்தப் பெருமை பாக்கெட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

என்னைக் கேட்டால் லாபம் வீணாகாமல் மிஞ்சுவதில்தான். நன்றாக வேலை செய்தால் உலர்பொருளில் இரண்டு மூன்று சதவீதம் மிச்சமாகும், 10 டன் சைலேஜில் அது 200 முதல் 300 கிலோ சைலேஜுக்குச் சமம். கோடையில் பசுந்தீவனம் என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். பாக்கெட் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் போடுங்கள். இன்னொன்று, பாக்டீரியாவால் தீவனத்தில் புரதம் கூடாது. இருப்பது அழியாமல் காக்கும், அவ்வளவுதான். மக்காச்சோள சைலேஜில் புரதம் குறைவு, பிண்ணாக்கைக் குறைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு புளிப்பா இருக்கே, மாட்டுக்கு வயிறு கெடாதா?

லாக்டிக் அமிலத்தை மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே வேறு அமிலமாக மாற்றி மாட்டுக்குச் சக்தியாக்கிக்கொள்ளும். ஆனால் பழக்க வேண்டும்: 5 கிலோவில் தொடங்கி, பத்து நாளில் மெதுவாக 15 முதல் 20 கிலோ வரை கொண்டுபோகலாம், கூடவே கொஞ்சம் வைக்கோலோ சோளத்தட்டையோ இருக்கட்டும். நார் குறைந்தால் அசை போடுவது குறையும், சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்கு வேண்டாம். கறக்கும் நேரத்தில் பக்கத்தில் வைக்காமல் கறந்த பிறகு போடுங்கள், பாலில் வாசனை ஏறாது.

வைக்கோல், கரும்புக் கொழுந்தாடை, வேலிமசால் இதுக்கெல்லாம் போடலாமா?

வைக்கோல், காய்ந்த தட்டை: இல்லை. ஈரமும் இல்லை, சர்க்கரையும் இல்லை, இந்தப் பாக்டீரியா நாரை உடைக்காது. கொழுந்தாடை: பச்சையாகவே போடலாம், ஆனால் கரும்பில் சர்க்கரை நிறைய இருப்பதால் ஈஸ்ட் அதைச் சாராயமாக்கிவிடும், அங்கே புக்னெரிதான் சரி. வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு: புரதம் அதிகம், சர்க்கரை குறைவு, பி.எச் லேசில் இறங்காது. மூன்று பங்கு மக்காச்சோளம் அல்லது சோளத்தோடு ஒரு பங்கு கலந்து, பிளான்டாரம் வகை போட்டால் நல்ல சைலேஜ் கிடைக்கும்.

இளஞ்சோளம் தின்னு மாடு செத்துப்போச்சுன்னு கேள்விப்பட்டிருக்கோம், பாக்டீரியா போட்டா அந்த விஷம் போயிருமா?

பாக்டீரியாவை நம்பி இளஞ்சோளத்தை அறுக்காதீர்கள். சோளத்தின் சயனைடு விஷம் இளம் பயிரிலும் வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த பயிரிலும் அதிகம். பூத்த பிறகு அறுங்கள், கோ எஃப்.எஸ்-29 போன்ற பல முறை அறுக்கும் ரகத்தின் மறுதாம்புக்கும் இதே எச்சரிக்கைதான். சைலேஜ் போட்டு 60 நாள் விட்டால் விஷம் குறையும், எடுத்த பிறகு கொஞ்ச நேரம் காற்றாட வைத்துக் கொடுத்தால் இன்னும் குறையும், ஆனால் முழுக்கப் போய்விடும் என்று உறுதி இல்லை. அதிகமாக உரம் போட்ட பயிரில் நைட்ரேட் இருந்தால் அதுவும் ஓரளவுதான் குறையும்.

ஆழமான குழில போட்டிருக்கோம், மறுநாள் இறங்கி இன்னும் மிதிக்கலாமா?

இறங்காதீர்கள். நொதிக்கும்போது வரும் கரியமில வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது, காற்றைவிடக் கனமாக அடியில் தேங்கி நிற்கும். நைட்ரேட் அதிகமான பயிரில் முதல் மூன்று வாரத்தில் செம்பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் வரலாம், அது நுரையீரலை எரித்துவிடும். மிதிக்க வேண்டியதை மூடுவதற்கு முன்னால் அதே நாளில் முடியுங்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதித்து இருவரும் போய்விடும் ஆபத்து உண்டு.

பேலா வாங்குறோம், "பாக்டீரியா போட்டது"ன்னு சொல்லி விலை கூட்டுறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?

பாக்டீரியா போட்டதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் அந்த வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள், சைலேஜுக்குக் கொடுங்கள். ஒரு பேலைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மணிகள் உடைந்து கலந்திருக்க வேண்டும், ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கியிருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. பி.எச் தாள் விலை குறைவு, ஒரு பிடி சைலேஜை அதே அளவு சுத்தமான தண்ணீரில் ஊற வைத்து நனைத்துப் பாருங்கள்: மக்காச்சோளத்துக்கு 4.2-க்குள் இருந்தால் நல்லது. அப்புறம் ஒரு கூடை அளவு எடுத்து நிழலில் வைத்து, இரண்டு நாள் காலை மாலை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாகவில்லை என்றால் தைரியமாக வாங்கலாம், பாக்டீரியா போட்டிருந்தாலும் போடாவிட்டாலும்.

மிச்சமான பாக்கெட்டை அடுத்த சீசனுக்கு வைக்கலாமா?

பிரிக்காத பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் அதில் போட்டிருக்கும் தேதிவரை தாங்கும். பிரித்தது சந்தேகம், காற்றிலுள்ள ஈரம் பட்டதும் உறங்கிக்கொண்டிருக்கும் பாக்டீரியா விழித்து, தின்ன ஏதும் இல்லாமல் செத்துப்போகும். பிரித்ததை இறுக்கிக் கட்டி, ஈரம் புகாத டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துச் சில வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். கடையில் வாங்கும்போதும் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். தகரக் கொட்டகையில் சித்திரை வெயில் முழுக்கக் கிடந்த பாக்கெட்டில் அச்சடித்த எண்ணிக்கை மட்டும்தான் மிச்சம் இருக்கும்.